ஓய்வுக் காலமும் தமிழும்: உழைப்பாளர் ஊரிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

‘ஓய்வு’ என்னும் சொல் களைப்பு நீங்க அமர்வதையும் குறிக்கும். பணியிலிருந்து விலகுவதையும் குறிக்கும். முதற்பொருள் நாள்தோறும் நேர்வது. இரண்டாம் பொருள் வாழ்நாளில் ஒருமுறை நேர்வது. விலகிய பிறகு வரும் காலத்தை எதனால் நிரப்புவது என்ற வினா இன்று பலர் உள்ளத்திலும் எழுகிறது. தோட்டம் போடலாம், கோயில் குளம் காணலாம், பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம், விட்டுப்போன நூல்களைப் படிக்கலாம் என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ‘ரிட்டையர் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒத்திவைக்கப்பட்ட ஆசைகள் இல்லாத வீடு அரிது.

இவ்வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு. ஓய்வு நாள் என்ற ஒன்று எப்போது தோன்றியது? அதனால் தமிழுக்கு வந்த பயன் யாது? அந்நாள் எவர்க்கு வாய்த்தது, எவர்க்கு வாய்க்கவில்லை? பின்னலாடைத் தொழிலால் வாழும் திருப்பூரில் இவ்வினாக்களைக் கேட்கும்போது விடைகள் வேறு நிறம் கொள்கின்றன. இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டை நிறைவு செய்யும் வேளையில் இதனை ஆராய்வது பொருத்தமுடையது. மாலையிலும் விடுமுறையிலும் கூடும் இலக்கிய வட்டம் என்பதே, உழைப்பு நேரம் போக எஞ்சிய பொழுதால் கட்டப்பட்ட வீடு அல்லவா?

பழந்தமிழர் கண்ட முதுமை

பணி ஓய்வு என்ற வழக்கம் பழந்தமிழகத்தில் இல்லை. எனினும் வாழ்வின் பிற்பகுதியை எவ்வாறு கழிப்பது என்ற சிந்தனை இருந்தது. தொல்காப்பியக் கற்பியல், இல்வாழ்வின் இன்பங்களை நிறைவாக நுகர்ந்த தலைவனும் தலைவியும், பாதுகாவலான மக்களோடும் அறம் விரும்பும் சுற்றத்தோடும் கூடி, சிறந்ததனைப் பயிலுதலே கடந்த வாழ்வின் பயன் என்று வகுக்கிறது. உரையாசிரியர்கள் இதனைத் துறவு நெறியோடு இயைத்துப் பொருள் கொள்வதுண்டு. ஆயினும் நூற்பாவில் உள்ள இரு செய்திகள் உன்னத்தக்கன. முதுமைக்குரியது பயிற்சி என்பது ஒன்று. அது தனிமையில் நிகழாது, சுற்றத்தோடு நிகழும் என்பது மற்றொன்று. தலைவனோடு தலைவியையும் அந்நூற்பா சேர்த்தே குறிப்பிடுவதும் கருதத்தக்கது.

புறநானூறு முதுமையின் இரு முகங்களைக் காட்டுகிறது. தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய முதியவர், கோல் ஊன்றி, இருமலுக்கு இடையிடையே சொற்களை உதிர்க்கிறார். இளமையில் மணற்பாவைக்குப் பூச்சூட்டிய மகளிரோடு ஆடியதும், மருதமரக் கிளையேறிக் குதித்து ஆழ்நீரின் அடிமணலை அள்ளி வந்து காட்டியதும் அவர் நினைவில் நிழலாடுகின்றன. அந்த இளமை இப்போது எங்கே என்று அவர் ஏங்குகிறார். இது நினைவை மட்டுமே துணையாகக் கொண்ட முதுமை.

பிசிராந்தையார் காட்டுவது மற்றொரு முகம். ஆண்டு பல ஆகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் கேட்டவர்களுக்கு அவர் மனைவியையும் மக்களையும் கருத்தறிந்து நடக்கும் ஏவலரையும் முறை தவறாத வேந்தனையும் சொல்லி, இறுதியாகத் தம் ஊரில் வாழும் சான்றோரைச் சொல்கிறார். உடல் நலம் பேணும் குறிப்பு எதையும் அவர் தரவில்லை. முதுமை இனிதாக அமைவதில் ஊருக்கும் பங்குண்டு என்பது அவர் கண்ட உண்மை. ஒருவர் முதுமையில் என்ன செய்யப்போகிறார் என்று கேட்கும்போதே, அவர் எத்தகைய ஊரில் செய்யப்போகிறார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஓய்வு நாளின் வரவு

குறிப்பிட்ட அகவையில் வேலை முடியும், அதன்பின் ஒரு தொகை மாதந்தோறும் வரும் என்ற ஏற்பாடு பெருந்திரளான தொழிலாளர்க்கு வந்தது தொழிற்புரட்சிக்குப் பின்னர்தான். செருமனியில் பிஸ்மார்க் ஆட்சித்தலைமையில் இருந்தபோது 1889ஆம் ஆண்டு முதியோர் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. அதன்படி ஓய்வூதியம் பெறும் அகவை 70. தொழிலாளியும் முதலாளியும் அரசும் அதற்குப் பங்களித்தனர். அந்த அகவை 1916இல் 65 ஆகக் குறைந்தது. பிரிட்டனில் 1908ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டம் 70 அகவை நிறைந்த வறியோர்க்கு அரசின் வரிப்பணத்திலிருந்து ஒரு சிறு தொகையை அளித்தது.

நம் நாட்டில் இவ்வழக்கம் ஆங்கில ஆட்சியின் அலுவலகங்கள் வழியே நுழைந்தது. ‘பென்ஷன்’ என்ற சொல்லும் அவ்வாறே நம் வீடுகளில் குடியேறியது. நடுவண் அரசு ஊழியர் ஓய்வு அகவை 1962இல் 55இலிருந்து 58 ஆகவும், 1998இல் 60 ஆகவும் உயர்ந்தது. தமிழ்நாட்டில் அது 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடை அன்று, செய்த பணிக்குரிய உரிமை என்று உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17ஆம் நாள் தீர்ப்பளித்தது. அந்நாளையே ஓய்வூதியர் தம் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

ஆலைத் தொழிலாளர்க்கு இவ்வுரிமை மெல்லவே வந்தது. தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் 1948இலும், வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1952இலும், பணிக்கொடைச் சட்டம் 1972இலும் இயற்றப்பட்டன. வைப்புநிதியோடு இணைந்த ஓய்வூதியத் திட்டம் 1995இல் நடைமுறைக்கு வந்தது. அத்திட்டம் 58 அகவையையும் பத்தாண்டுப் பணியையும் தகுதியாக வைத்தது. இந்தப் பத்தாண்டுக் கணக்கைத் திருப்பூரைப் பற்றிப் பேசும்போது மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

ஓய்வூதியம் வளர்த்த தமிழ்

தற்காலத் தமிழ் ஆய்வின் அடித்தளத்தில் அரசுச் சம்பளமும் ஓய்வூதியமும் கலந்திருக்கின்றன என்றால் அது மிகையன்று. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். அரசின் கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885இலும், கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். ஓய்வுக்குப் பிந்திய ஆண்டுகளைச் செல்லரித்த ஏடுகளுக்கு ஈந்தவர் அவர்.

உ.வே. சாமிநாதையரின் வாழ்வும் இவ்வகையில் எண்ணத்தக்கது. கும்பகோணம் கல்லூரியில் 1880இல் பணியில் சேர்ந்த அவரை அவ்வாண்டே அவ்வூர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பினார். வழக்கு மன்றத்தில் பகல் முழுதும் அமர்ந்த ஓர் அலுவலரின் இலக்கிய நாட்டம், ஓர் ஆசிரியரின் வாழ்வைத் திசை மாற்றியது. சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய ஐயர் 1919இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு அகவை 64. அதன்பின் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ 23 ஆண்டுகள். பெருங்கதை 1924இல் வெளிவந்தது. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாறு இரு பகுதிகளாக 1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. குறுந்தொகைப் பதிப்பு வந்த 1937இல் அவர் எண்பதைக் கடந்திருந்தார். 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கிய ‘என் சரித்திரம்’ 1942இல் அவர் மறைந்தபோது முடிவுறாமலே நின்றது.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் சாமிநாதையர் புதிதாக எதையும் தொடங்கவில்லை என்பதே இங்குக் கருத வேண்டுவது. ஓய்வுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் விதைத்தது 1919க்குப் பின்னரும் தடையின்றிக் காய்த்தது. கற்பித்தல் கடமையிலிருந்து விடுபட்டார், பயிற்சி தொடர்ந்தது.

அ. மாதவையா ஓய்வு நாள் வரும்வரை காத்திருக்கவில்லை. உப்பு, சுங்கத் துறையில் பணியாற்றிய அவர், எழுதுவதற்காகவே 1922இல் முன்கூட்டி ஓய்வு பெற்றார். 1924இல் ‘பஞ்சாமிர்தம்’ இதழைத் தொடங்கினார். 1925 அக்டோபர் 22ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில், பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி அமர்ந்தவர் அங்கேயே உயிர் துறந்தார். அவருக்குக் கிடைத்த ஓய்வுக் காலம் மூன்றே ஆண்டுகள். அறுபதுக்கு ஒத்திவைத்திருந்தால் அவ்விதழ் பிறந்திருக்காது.

மாவட்ட ஆட்சியராக இருந்து 1959இல் ஓய்வு பெற்ற தொ.மு. பாஸ்கரத் தொண்டைமானுக்கு எஞ்சியவை ஆறு ஆண்டுகள். ‘வேங்கடம் முதல் குமரி வரை’ என்ற அவருடைய கோயிற் கட்டுரைகள் கல்கி இதழில் வெளிவந்து, பல தொகுதிகளாக நூலுருப் பெற்றன. சிற்பத்தில் அவர் கொண்ட ஈடுபாடு ஓய்வுக்கு முன்னரே தழைத்திருந்தது. கவனிப்பாரின்றிக் கிடந்த சிலைகளைத் திரட்டித் தஞ்சைக் கலைக்கூடம் 1951இல் உருவாக முன்நின்றவர் அவரே. அப்போது அவர் பணியிலிருந்த அலுவலர்.

தொண்டைமானின் சுவையுணர்வை வளர்த்தது ஓர் இலக்கிய வட்டம். திருநெல்வேலியில் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டு முற்றத்தில் 1920களில் கூடிய ‘வட்டத்தொட்டி’யே அது. டி.கே.சி. வழக்கறிஞர், 1930 முதல் 1935 வரை இந்து அறநிலையத் துறை ஆணையராக இருந்தவர். பின்னாளில் குற்றாலத்தில் குடியேறியபோது வட்டமும் அவரோடு அங்குச் சென்றது. 1954இல் மறையும் வரை அவரைத் தேடி அன்பர்கள் வந்தவண்ணம் இருந்தனர். பிசிராந்தையார் சொன்ன ஊர்ச் சான்றோர், இருபதாம் நூற்றாண்டில் இலக்கிய வட்டமாக உருவெடுத்தனர் எனலாம்.

கொங்கு நாட்டிலும் இம்மரபு உண்டு. கோவை வழக்கறிஞர் சி.கே. சுப்பிரமணிய முதலியார் பெரியபுராணத்துக்கு ஏழு தொகுதிகளில் விரிவுரை கண்டார். வழக்கறிஞர் தொழிலுக்கு ஓய்வு நாள் என்று அரசாணை எதுவும் இல்லை. தமக்குரிய பொழுதை அவர் தாமே உண்டாக்கிக்கொண்டார். தமிழின் முதற் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக 1968இல் முடித்த பெ. தூரன் அப்போது அறுபதை எட்டியிருந்தார். அதன்பின் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளை 1976க்குள் முடித்தார். தமிழ்ப் பல்கலைக்கழகப் பணியில் ஓய்வு பெற்ற புலவர் செ. இராசு ஈரோட்டில் இருந்தபடி கொங்குக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் நூலாக்கினார். 2023இல் மறையும் வரை அவர் எழுதுகோல் ஓயவில்லை.

ஓய்வு நாள் இல்லாத ஊர்

மேற்கண்ட சான்றோருள் பெரும்பாலோர்க்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. மாதச் சம்பளமோ, ஓய்வூதியமோ, மதிப்புள்ள ஒரு தொழிலோ அவர்தம் ஏடுகளுக்குப் பின்னே நின்றது. அவர்கள் உழைப்பின் பெருமையை இது குறைக்காது. ஆனால் அத்தகைய பின்புலம் இல்லாதவர்க்கு ஓய்வுக் காலம் எவ்வாறு அமையும் என்ற வினாவை இது எழுப்பாமல் இராது. அவ்வினாவுக்குரிய ஊர் திருப்பூர்.

நொய்யல் கரையில் பருத்திச் சந்தையாக வளர்ந்த இவ்வூர், 1920களில் கதர் இயக்கத்தின் பெருநிலையமாக விளங்கியது. கொடி காத்த குமரன் 1932 ஜனவரி 11ஆம் நாள் உயிர் நீத்தது இவ்வூரில்தான். 1930களில் பின்னல் எந்திரங்கள் காலூன்றின. நெடுங்காலம் வெள்ளைப் பனியனே இவ்வூரின் சரக்கு. 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கியது. ஏற்றுமதியாளர் சங்கம் 1990இல் அமைந்தது. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று. தறியிலும் வயலிலும் உழைத்தவர்கள் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்து, அவருள் சிலர் பின்னர்க் கம்பெனி உரிமையாளராக உயர்ந்தது இவ்வூரின் தனிக்கதை.

இத்தொழிலின் கடிகாரம் வேறுவகையானது. கட்டிங், ஓவர்லாக், காஜா, செக்கிங், கைமடி, அயர்ன், பேக்கிங் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கை. கூலியில் பெரும்பகுதி பீஸ் ரேட் கணக்கு, சனிக்கிழமைச் சம்பளம். ஆர்டர் வந்தால் இரவும் பகலாகும்; ஆர்டர் நின்றால் பகலும் வெறுமையாகும். தைத்த பீஸுக்குக் கூலி என்ற முறையில் ‘ஓய்வு’ என்பது வருமானம் நின்ற நேரத்துக்கு மறுபெயர். இன்று ஒரு கம்பெனி, அடுத்த தீபாவளிக்கு வேறொரு கம்பெனி என்று மாறுவோர்க்குப் பத்தாண்டுப் பணிக்கணக்கு முறையாகச் சேர்வது எளிதன்று. சேர்ந்தவர்க்கும் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1000 ரூபாய் என்று 2014இல்தான் வரையறுக்கப்பட்டது.

எனவே இவ்வூர்த் தையற்காரரின் ஓய்வு ஒரு நாளில் வருவதில்லை. சிறுகச் சிறுக வருகிறது. முதலில் கண் மங்குகிறது. ஊசியில் நூல் கோக்க அருகில் இருக்கும் பிள்ளையை அழைக்கிறார். பின்னர்ப் பவர் டேபிளிலிருந்து செக்கிங்குக்கு, செக்கிங்கிலிருந்து கைமடிக்கு, கைமடியிலிருந்து இரவுக் காவலுக்கு என்று படியிறங்குகிறார். வழியனுப்பு விழா, சந்தனமாலை, கைக்கடிகாரம் எதுவும் இல்லை. ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை என்பதோடு ஒரு பணி வாழ்வு முடிகிறது.

பெண்களின் நிலை இன்னும் நுண்ணியது. பனியன் கம்பெனியிலிருந்து நின்றுவிடும் பெண்ணுக்கு அடுப்பும் பேரக்குழந்தையும் முழுநேரப் பணியாகின்றன. அரசு அலுவலில் ஓய்வு பெற்ற பெண்ணுக்கும் சமையலறை ஓய்வாணை வழங்குவதில்லை. தொல்காப்பியர் கிழவனோடு கிழத்தியையும் சேர்த்துச் சொன்னார். பின்வந்த வரலாற்றில் ஓய்வுக் காலத் தமிழ்ப்பணி செய்தோராக மேலே கண்ட பெயர்கள் அனைத்தும் ஆண்பாற் பெயர்களாக அமைந்தது தற்செயலன்று. அவர்கள் ஏடு பார்த்த பொழுதில் வீட்டில் வேறொருவர் உலை வைத்திருந்தார்.

உழைப்புக்கு அப்பாற்பட்ட பொழுதுக்காகத் தொழிலாளர் நெடுங்காலம் போராடியிருக்கின்றனர். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேரப் பொழுதுபோக்கு, எட்டு மணி நேர உறக்கம் என்ற கோரிக்கை இங்கிலாந்தில் இராபர்ட் ஓவனோடு தொடர்புடையது. சென்னையில் சிங்காரவேலர் 1923இல் மே நாளைக் கொண்டாடியபோது அக்கோரிக்கையின் எதிரொலி வங்கக் கடற்கரையில் கேட்டது. திருப்பூரில் 1984இல் பஞ்சப்படிக்காகத் தொழிலாளர் 127 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலிக்கான போராட்டம் என்று அதனைக் குறிப்பிடுவது சரியே. எனினும் கூலி உயர்ந்தால்தான் கூடுதல் ஷிப்ட்டை விட்டுவிட்டு வீடு திரும்பும் துணிவு வரும். அவ்வகையில் அது பொழுதுக்கான போராட்டமும் ஆகும்.

கொங்கு மண்ணின் பொழுதுகள்

ஓய்வூதியம் இல்லாத உழவர் வாழ்விலும் ஓய்வுப் பொழுதுகள் இருந்தன. அவை ஆண்டு முழுவதும் பகிர்ந்து கிடந்தன. அறுவடைக்குப் பின் வந்த இரவுகளில் உடுக்கை ஒலியோடு அண்ணன்மார் கதை பாடப்பட்டது. கனடா நாட்டு மானிடவியலறிஞர் பிரெண்டா பெக், காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி, 1965இல் அக்கதையைப் பல இரவுகள் ஒலிப்பதிவு செய்தார். ஊர்க்காரர் பொழுதுபோக்காகக் கேட்டது, உலக அறிஞர் ஆராயும் காப்பியமாயிற்று. கேட்கும் செவிகள் ஊரில் இருந்தமையால்தான் பாடும் நாவும் நிலைத்தது.

திண்ணையில் தாயமும் ஆடுபுலி ஆட்டமும், முற்றத்தில் பல்லாங்குழியும், கோயில் வாசலில் கும்மியும் ஒயிலும் முதியோரையும் இளையோரையும் ஒரே இடத்தில் அமர்த்தின. காங்கயம் காளைகளை வளர்ப்பதும், கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குச் சென்று கொம்பையும் திமிலையும் பார்த்து மதிப்பிடுவதும் வருமானத்தையும் கடந்த இன்பமாக இருந்தன. ஆலைக் கடிகாரம் வந்தபோது இப்பொழுதுகள் தேய்ந்தன, ஆனால் அழியவில்லை. ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்பித்த கோவை மாவட்டத்து எம். பத்ரப்பன் 2024இல் தம் 87ஆம் அகவையில் பத்மஸ்ரீ விருது பெற்றார். அண்மை ஆண்டுகளில் திருப்பூர், கோவை வட்டாரங்களில் வேலை முடிந்த மாலைகளில் கும்மி பயில வரும் பெண்கள் பெருகியுள்ளனர். கைமடி மேசையில் காலையெல்லாம் அசைந்த அதே கைகள் மாலையில் தாளத்துக்கு அசைகின்றன.

புதிய பொழுதுக்கும் இவ்வூரில் இடம் உண்டு. திருப்பூரின் வடபால் நல்லாற்று நீர் வந்து சேரும் நஞ்சராயன் குளம் 2022இல் தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. சாயக் கழிவால் நொய்யல் நிறம் மாறி, 2011இல் சாய ஆலைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்ட ஊர் இது. அத்தகைய ஊரின் அருகில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும் நீர்நிலை ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறது. விடியற்காலையில் அக்கரையில் நின்று பறவைகளைக் குறித்துவைக்க ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். மேலே சொன்ன மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் செய்தது இதுவே. 1950இல் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் அவர் தொடங்கிய இயற்கைக் குறிப்புகள் 1996இல் அவர் மறையும் வரை 46 ஆண்டுகள் வெளிவந்தன. ஆற்றங்கரைக் கொக்கையும் வீட்டு வாசல் காக்கையையும் விடாது நோக்கிய கண்களால் ஓர் இலக்கியமே உருவாயிற்று.

இலக்கிய வட்டத்தின் முன் உள்ள பணி

இதுவரை கண்ட வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. ஓய்வுக் காலத்தில் காய்ப்பது பணிக் காலத்தில் விதைத்ததே என்பது முதலாவது. ஆதலின் ‘பிறகு பார்க்கலாம்’ என்பது பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்பதாகவே முடியும். பயிற்சிக்குத் துணையும் கூட்டமும் வேண்டும் என்பது இரண்டாவது. டி.கே.சி.யின் முற்றமும் ஓலப்பாளையத்து இரவும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. ஓய்வு ஒரு பொருளாதார உரிமை என்பது மூன்றாவது. அவ்வுரிமை இல்லாதவரிடம் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுவது, பசித்தவரிடம் பாத்திரத்தின் அழகைப் பேசுவது போன்றது.

மூன்றாவதை இலக்கிய வட்டத்தால் மட்டும் தீர்க்க இயலாது. அது சட்டத்துக்கும் சங்கத்துக்கும் உரியது. முதலிரண்டும் வட்டத்தின் கையெட்டும் தொலைவில் உள்ளன. திருப்பூர் வாழ்வை சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’யும், எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’யும் புதினமாக்கியுள்ளன. ஆனால் தைத்தவரே சொல்லும் வரலாறு இன்னும் போதிய அளவில் எழுதப்படவில்லை. முதல் பின்னல் எந்திரங்களின் ஓசையைத் தந்தையர் வழியே கேட்டறிந்த தலைமுறை முதிர்ந்துவிட்டது. 1984 வேலைநிறுத்தத்தின்போது இருபது அகவையில் இருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அந்த 127 நாள்கள் அடுப்பு எவ்வாறு எரிந்தது, கடன் கொடுத்த மளிகைக்காரர் யார், எந்தப் பாட்டைப் பாடி ஊர்வலம் சென்றனர் என்பன அவர்தம் நினைவில் மட்டுமே உள்ளன. கைமடி, அடுக்கிக் கட்டல் போன்ற தொழிற்சொற்களின் பொருளும் அவர்கள் நாவில்தான் வாழ்கிறது. ஏடுகளைக் கறையான் அரித்ததுபோல நினைவை மறதி அரிக்கும். அவ்வேடுகளுக்கு வாய்த்த சாமிநாதையர் இந்நினைவுகளுக்கும் வாய்க்க வேண்டும்.

இப்பணிக்குப் பெரும்பொருள் தேவையில்லை. மாதம் ஒருநாள் வட்டத்தின் கூட்டத்தில் ஓய்வு பெற்ற தையற்காரர் ஒருவரை, செக்கிங் வேலை செய்து நின்றுவிட்ட பெண் ஒருவரை மேடையின் நடுவே அமர்த்திப் பேசச் செய்யலாம். ஓர் இளையவர் அதனைப் பதிவு செய்யலாம். ஓய்வூதியம் பெறும் உறுப்பினர் அதனைப் படியெடுத்துச் செம்மை செய்யலாம். ஒருவர்க்குப் பொழுது இருக்கிறது. மற்றொருவர்க்கு நினைவு இருக்கிறது. இன்னொருவர்க்குக் கருவியும் கண்ணொளியும் இருக்கின்றன. மூவரும் ஒரு மேசையில் அமர்ந்தால் வேலை நடக்கும். கூட்டத்துக்குப் பெண்கள் வருவதற்கு ஏற்ற நேரத்தைக் குறிப்பது அதன் முதற்படியாக அமையட்டும்.

நிறைவுரை

புறநானூற்று முதியவர் இளமையை எண்ணி ஏங்கி நின்றார். அவர் சொன்னதைக் கேட்டுப் பாட்டாக்க ஒரு புலவர் இருந்தமையால், ஆழ்நீரிலிருந்து அள்ளிய அந்தப் பிடிமணல் இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் கையில் இருக்கிறது. திருப்பூர்த் தெருக்களில் கோலூன்றி நடக்கும் முதியோரிடமும் அவ்வாறு அள்ளி வந்த மணல் உண்டு. கேட்பதற்குச் செவியும் எழுதுவதற்குக் கையும் வாய்க்குமாயின், அவர்க்குத் தம் பிற்காலத்தில் எதிர்நோக்க ஒன்று கிடைக்கும். ஊருக்குத் தன் வரலாறு கிடைக்கும். பத்தாண்டு கண்ட வட்டம் தன் பதினோராம் ஆண்டை அந்தப் பணியோடு தொடங்குவதாக.